ஹவாய் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசர்கள் குடியிருந்து ஆண்ட அரண்மனை அமெரிக்க மண்ணில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது ஹவாயின் தலைநகர் ஹொனலுலுவில் இருக்கிறது. கடற்கரை, பூமாலை, எரிமலை என்று படங்களில் பார்த்துப் பழகிய இந்த மாநிலம் 1893 வரை அரசர்கள் ஆண்ட தனி நாடாக இருந்தது. தனக்கென அரசி, நாடாளுமன்றம், வெளிநாட்டுத் தூதர்கள் எல்லாம் வைத்திருந்தது. அது எப்படி அமெரிக்காவின் 50வது மாநிலம் ஆனது என்பதைச் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன. சுருக்கமான பதில் வேண்டுமானால்: சர்க்கரை. விரிவான பதில் கீழே.

முதலில், ஹவாய் என்பது ஒரு தீவா, பல தீவுகளா?

பல தீவுகள். பெரியவை எட்டு. அவற்றில் மிகப் பெரிய தீவின் பெயரும் ஹவாய்தான். குழப்பம் வரக்கூடாது என்று அதைப் 'பெரிய தீவு' என்பார்கள். ஹொனலுலுவும் பேர்ல் ஹார்பரும் ஒவாஹு தீவில் இருக்கின்றன. மாவி, கவாய், மொலோகாய், லானாய் ஆகிய பெயர்களும் கீழே வரும். கலிபோர்னியாக் கரையிலிருந்து ஹவாய் கிட்டத்தட்ட 3,900 கிலோமீட்டர். நடுவில் வெறும் கடல்.

அப்படியானால் முதலில் அங்கே போனவர்கள் எப்படிப் போனார்கள்?

தெற்குப் பசிபிக் தீவுகளில் வாழ்ந்த பாலினேசியர்கள், இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய பாய்மரக் கலங்களில் வந்தார்கள். சுமார் 800 முதல் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பது இப்போதைய ஆய்வாளர்கள் பலரின் கணக்கு. பன்றி, கோழி, நாய், சேப்பங்கிழங்கு, வாழைக்கன்று, கரும்பு எல்லாவற்றையும் கலத்திலேயே ஏற்றி வந்தார்கள். பின்னால் இந்தக் கதையில் வில்லனாக வரப்போகும் கரும்பைத் தீவுக்குக் கொண்டுவந்தவர்களே அவர்கள்தான்.

காற்று அடித்த பக்கம் ஒதுங்கி, தற்செயலாக வந்து சேர்ந்திருப்பார்கள் என்று சில அறிஞர்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைச் சோதிக்க 'ஹொக்குலேயா' என்ற கலத்தைப் பழைய முறையில் கட்டி, 1976 மே மாதம் மாவியிலிருந்து தஹிதிக்கு ஓட்டினார்கள். திசைகாட்டி, வரைபடம் எதுவும் கிடையாது. விண்மீன் எழும் இடத்தையும் அலை கலத்தில் மோதும் விதத்தையும் வைத்தே வழி கண்டவர் மாவ் பியாலுக். இவர் ஹவாய்க்காரர் இல்லை. ஹவாயில் அந்தக் கலை தெரிந்தவர் யாரும் மிஞ்சவில்லை என்பதால் மைக்ரோனேசியாவின் சதவால் தீவிலிருந்து அழைத்து வரப்பட்டவர். ஒரு மாதம் சொச்சத்தில் கலம் போய்ச் சேர்ந்தது. தற்செயல் வாதம் அதோடு படுத்துவிட்டது.

கேப்டன் குக்கை ஏன் கொன்றார்கள்?

ஜேம்ஸ் குக் 1778 ஜனவரியில் முதலில் கவாய் தீவில் இறங்கினார். அடுத்த ஆண்டு பெரிய தீவின் கேயாலகேகுவா விரிகுடாவுக்கு வந்தபோது அங்கே மகாஹிக்கி திருவிழாக் காலம். லோனோ என்ற தெய்வத்துக்கு உரிய நாட்கள், சண்டை கூடாத நாட்கள். வரவேற்பு பிரமாதமாக இருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் கிளம்பிப் போனவரின் கப்பலில் புயலால் பாய்மரம் முறிந்துவிட, திரும்பி வந்தார். இந்த முறை திருவிழா முடிந்திருந்தது, உபசரிப்பும் முடிந்திருந்தது. உணவும் விறகும் ஏற்கெனவே அள்ளிக் கொடுத்தாயிற்று.

இரவோடு இரவாகக் கப்பலின் படகு ஒன்று காணாமல் போனது. அதைத் திரும்ப வாங்க, தலைவர் கலானியோபுவுவையே பிணையாகப் பிடித்து வருவது என்று குக் கரைக்குப் போனார். 1779 பிப்ரவரி 14. கூட்டம் கூடியது, துப்பாக்கி வெடித்தது. குக்கும் அவருடைய கடற்படை வீரர்கள் நான்கு பேரும் கரையிலேயே செத்தார்கள். ஹவாய்க்காரர்களிலும் பலர் இறந்தார்கள். ஊர்த்தலைவரைக் கடத்த வந்தவரை ஊர் என்ன செய்யும்?

தீவுகளை ஒரே நாடாக்கியவர் யார்?

கமெஹமெஹா. பெரிய தீவில் ஒரு தலைவராக இருந்தவர், ஐரோப்பியர்களிடம் துப்பாக்கியும் பீரங்கியும் வாங்கி, ஜான் யங், ஐசக் டேவிஸ் என்ற இரண்டு வெள்ளைக்கார மாலுமிகளைக் கூடவே வைத்துக்கொண்டு தீவு தீவாகப் பிடித்தார். 1795இல் ஒவாஹுவின் நுவுவானு மலைமுகட்டில் நடந்தது கடைசிப் பெரிய போர். பின்வாங்கிய வீரர்களுக்குப் பின்னால் செங்குத்துப் பள்ளம். சுமார் நூறு ஆண்டுகள் கழித்து அங்கே சாலை போட்டபோது அடிவாரத்தில் ஏறக்குறைய 800 மண்டையோடுகள் கிடைத்தன. கவாய் மட்டும் போரில்லாமல், 1810இல் பேச்சுவார்த்தையில் பணிந்தது.

ஒரு விருந்தில் பழைய மதமே ஒழிந்தது என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. கபு என்ற விலக்கு முறைப்படி ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது. பெண்களுக்குப் பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழங்கள் விலக்கு. மீறினால் மரண தண்டனை வரைக்கும் போகும். 1819இல் கமெஹமெஹா இறந்தார். அவருடைய மனைவியரில் மிகச் செல்வாக்குள்ள காவஹுமானுவும், இளம் அரசரைப் பெற்ற கேயோபுவோலானியும் சேர்ந்து அரசரை நெருக்கினார்கள். நவம்பரில் நடந்த விருந்தில் இளம் அரசர் எழுந்துபோய்ப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். வானம் இடிந்து விழவில்லை. கோயில்களை இடிக்கவும் சிலைகளை எரிக்கவும் ஆணை போனது. எதிர்த்துக் கிளம்பிய உறவினர் ஒருவர் அடுத்த மாதமே போரில் மாண்டார்.

வேடிக்கை என்னவென்றால், கிறித்தவப் போதகர்கள் அப்போது வந்தே சேரவில்லை. பாஸ்டனிலிருந்து கிளம்பிய அவர்களின் கப்பல் 1820இல் வந்தபோது பழைய மதம் ஏற்கெனவே காலியாகியிருந்தது. அவர்கள் ஹவாய் மொழிக்கு எழுத்து வகுத்தார்கள், பள்ளி வைத்தார்கள். சில பத்தாண்டுகளில் அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றிருந்தார்கள். போதகர்களின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். அது கீழே வருகிறது.

அமெரிக்க மாநிலத்தின் கொடியில் பிரிட்டிஷ் கொடி எப்படி வந்தது?

கமெஹமெஹாவுக்கு பிரிட்டனோடு நல்ல உறவு. ஜார்ஜ் வான்கூவர் என்ற கப்பல் தலைவர் கொடுத்த பிரிட்டிஷ் கொடியை அவர் கொஞ்ச நாள் பறக்கவிட்டார். பிறகு 1816 வாக்கில் உருவான சொந்தக் கொடியின் மூலையில் அது ஒட்டிக்கொண்டது. எட்டுப் பட்டைகள் எட்டுத் தீவுகளுக்கு. அரசு போய், குடியரசு போய், மாநிலமாகியும் கொடி மாறவில்லை.

நிலம் எப்படி மக்கள் கையை விட்டுப் போனது?

இதுதான் முழு வரலாற்றின் ஆணிவேர் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பழைய ஏற்பாட்டில் நிலத்தை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது. மலையுச்சியில் தொடங்கிக் கடலில் முடியும் துண்டுகளாகத் தீவு பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் காடு, ஓடை, சேப்பங்கிழங்கு வயல், மீன் குளம், கடற்கரை எல்லாம் அடங்கும். தலைவருக்கு உழைப்பும் விளைச்சலில் பங்கும் கொடுத்துவிட்டுக் குடிமக்கள் பயிர் செய்தார்கள்.

1843இல் ஒரு பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரி, மேலிடத்தைக் கேட்காமலே, நாட்டைப் பிடித்து ஐந்து மாதம் வைத்திருந்தார். பிரிட்டன் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனும் பிரான்சும் ஹவாயைத் தனி நாடாக ஏற்றுக் கூட்டறிக்கையும் கொடுத்தன. ஆனாலும் மூன்றாம் கமெஹமெஹாவுக்குப் பயம் விடவில்லை. நாளை இன்னொருவன் வந்து பிடித்தால் மொத்த நிலமும் அவனுக்குப் போய்விடும். தனியார் பட்டாவாக இருந்தால் அதிலாவது கை வைக்க மாட்டான் என்ற யோசனை அரசவையில் ஓடியது. வெள்ளைக்கார ஆலோசகர்களும் தனியுடைமைதான் நாகரிகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

1848இல் 'மஹேலே' என்ற நிலப் பங்கீடு நடந்தது. அரசருக்கு ஒரு பங்கு, சுமார் 245 தலைவர்களுக்கு ஒரு பங்கு, அரசாங்கத்துக்கு ஒரு பங்கு. குடிமக்கள் தாங்கள் உழுத துண்டுக்கு மனு போடலாம் என்று 1850இல் சட்டம் வந்தது. மனு எழுத வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும், நில அளவைக்குக் காசு கட்ட வேண்டும். காசே புழங்காத குடும்பங்கள் அதற்கு எங்கே போகும்? கடைசியில் குடிமக்களுக்குக் கிடைத்தது சுமார் 28,600 ஏக்கர். மொத்த நிலத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே 1850இல் வெளிநாட்டவர் நிலம் வாங்கலாம் என்று இன்னொரு சட்டமும் வந்தது.

எந்த அளவுக்கு விற்றார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்: நீஹாவ் என்ற முழுத் தீவையும் 1864இல் ஒரு குடும்பம் 10,000 டாலருக்கு வாங்கியது. அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல்களிடம்தான் அது இன்றும் இருக்கிறது. லானாய் தீவை 1922இல் அன்னாசித் தொழிலதிபர் ஜேம்ஸ் டோல் வாங்கினார். 2012இல் அதன் 98 சதவீதம் ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசன் கைக்குப் போனது.

கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார்? தமிழர்களும் போனார்களா?

தமிழர்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோன தோட்டங்கள் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மொரிஷியஸ், மலாயா, பிஜி, நேட்டால் போன்ற இடங்களில் இருந்தன. ஹவாய் தனி நாடு என்பதால் ஆட்களை வேறு பக்கம் தேடியது. 1852இல் சீனர்கள், 1868இல் ஒரு சிறு ஜப்பானியக் குழு, 1878 முதல் போர்ச்சுகீசியர்கள், 1885 முதல் பெருங்கூட்டமாக ஜப்பானியர்கள், பிறகு போர்ட்டோ ரிக்கோ, கொரியா, பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள்.

ஊர்தான் வேறே தவிர, வாழ்க்கை நம் தேயிலைத் தோட்டத்துக் கதையேதான். ஒப்பந்தம், லயம், குதிரை மேல் கங்காணி, தோட்டத்துக் கடையில் கடன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த உலோக வில்லை ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் பெயரை விட அந்த எண்தான் பேசும். இனத்துக்கு இனம் கூலியை மாற்றி வைத்தது முதலாளிகளின் சாமர்த்தியம்: 1909இல் ஜப்பானியருக்கு மாதம் 18 டாலர், அதே வேலைக்குப் போர்ச்சுகீசியருக்கு 22.50 டாலர். அந்த ஆண்டு ஜப்பானியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். எல்லா இனத்தவரும் ஒரே சங்கத்தில் சேர்ந்து, 1946இல் சுமார் 26,000 பேர் 79 நாள் வேலையை நிறுத்தியபோதுதான் ஜெயித்தார்கள். நடுவில் 37 ஆண்டுகள்.

இத்தனைக்கும் நடுவே பூர்வகுடிகளின் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. குக் வந்தபோது சில லட்சம் பேர் இருந்திருக்கலாம். 1890 கணக்கெடுப்பில் கலப்பினத்தவரையும் சேர்த்து சுமார் 40,000. அம்மை, தட்டம்மை, மேகநோய் என்று கப்பலில் வந்த நோய்களுக்கு அவர்கள் உடம்பில் எதிர்ப்பே இல்லை.

தொழுநோயாளிகளைத் தனித் தீவுக்கு அனுப்பியது இங்கேதானா?

ஆமாம். மொலோகாய் தீவில், மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் செங்குத்து மலையும் உள்ள கலாவுபாப்பா முனைக்கு 1866 முதல் அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 8,000 பேர், பெரும்பாலோர் பூர்வகுடிகள். 1873இல் அங்கே போன பெல்ஜியப் பாதிரியார் தமியான், அவர்களோடு வாழ்ந்து, நோயும் தொற்றி 1889இல் இறந்தார். 2009இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். மருந்து வந்து பல ஆண்டுகள் கழித்து, 1969இல்தான் அந்தக் கட்டாயச் சட்டம் நீங்கியது.

'துப்பாக்கி முனை அரசியல் சட்டம்' என்கிறார்களே, அது என்ன?

1876இல் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தப்படி ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போனது. தோட்ட முதலாளிகளுக்குப் பணம் கொட்டியது. அவர்களில் பலர் பழைய போதகர்களின் மகன்களும் பேரன்களும். அரசர் கலாகவா வேறு ரகம். 1881இல் உலகத்தையே சுற்றி வந்தார். ஆட்சியில் இருக்கும் அரசர் ஒருவர் அப்படிச் சுற்றியது அதுவே முதல் முறை. ஜப்பான், சயாம், இந்தியா எல்லாம் பார்த்துவிட்டு வந்து, தொடக்கத்தில் சொன்ன அந்த ஈயோலானி அரண்மனையைக் கட்டி முடித்தார். வெள்ளை மாளிகைக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே அங்கே வந்துவிட்டது. போதகர்கள் முகம் சுளித்த ஹூலா நடனத்தைத் திரும்ப மேடையேற்றினார். செலவும் தாராளம்.

1887 ஜூலையில், 'ஹொனலுலு ரைபிள்ஸ்' என்ற வெள்ளையர்களின் ஆயுதப் படையைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, போதகர் ஒருவரின் பேரனான லோரின் தர்ஸ்டனின் கூட்டம் எழுதிய அரசியல் சட்டத்தில் கலாகவாவைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அரசருக்கு அதிகாரம் போனது. மேலவைக்கு ஓட்டுப் போடச் சொத்து வேண்டும் என்றானது; பூர்வகுடிகளில் பெரும்பாலோருக்கு அது இல்லை. ஆசியர்களுக்கு ஓட்டே கிடையாது. வெள்ளையர் குடியுரிமை வாங்காமலே ஓட்டுப் போடலாம். வணிக ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததற்கு விலையாக, அதே ஆண்டு பேர்ல் ஹார்பரைப் பயன்படுத்தும் தனியுரிமையும் அமெரிக்காவுக்குப் போனது.

1893இல் சரியாக என்னதான் நடந்தது?

முதலில் 1890. அமெரிக்கா எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் வரியை எடுத்துவிட்டு, சொந்த நாட்டு உற்பத்திக்குப் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் கொடுத்தது. ஹவாயின் சலுகை ஒரே நாளில் செல்லாக்காசு. அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டால் அந்த மானியம் நமக்கும் வரும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். எல்லா முதலாளிகளும் இல்லை: சர்க்கரை ராஜா என்று பெயர் வாங்கிய கிளாஸ் ஸ்ப்ரெக்கிள்ஸ், அமெரிக்கச் சட்டம் வந்தால் ஒப்பந்தக் கூலி முறை போய்விடும் என்று இணைப்பை எதிர்த்தார். அவருக்கும் கணக்குதான்.

1891இல் கலாகவா இறந்து, தங்கை லிலியுவோகலானி அரசியானார். 1893 ஜனவரி 14, சனிக்கிழமை, ஓட்டுரிமையையும் அரசு அதிகாரத்தையும் மீட்கும் புதிய அரசியல் சட்டத்தை வெளியிட முனைந்தார். சொந்த அமைச்சர்களே கையெழுத்துப் போட மறுத்தார்கள். அரசி தள்ளிவைத்தார். ஆனால் அந்தச் சாக்கே தர்ஸ்டன் ஆட்களுக்குப் போதும். 13 பேர் 'பாதுகாப்புக் குழு' என்று பெயர் வைத்துக்கொண்டு கூடினார்கள்.

16ஆம் தேதி மாலை, அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸ் கேட்டபடி, துறைமுகத்தில் நின்ற 'பாஸ்டன்' போர்க்கப்பலிலிருந்து 160 சொச்சம் வீரர்கள் இறங்கினார்கள். அமெரிக்கர்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்பது சொல்லப்பட்ட காரணம். முகாம் போட்டதோ, அமெரிக்கர்கள் குடியிருந்த பகுதியில் இல்லை; அரண்மனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் பக்கத்தில். மறுநாள் பிற்பகல் குழுவினர் அரசு அலுவலகத்துக்குள் போய் முடியாட்சி முடிந்தது என்று வாசித்தார்கள். அதே நாளிலேயே ஸ்டீவன்ஸ் அவர்களை அரசாக ஏற்றுக்கொண்டார். ஆயுத வண்டியை மறித்த ஹவாய்ப் போலீஸ்காரர் ஒருவருக்குக் குண்டடி பட்டது. அதைத் தவிர ரத்தம் சிந்தவில்லை.

அரசி எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். அந்தக் குழுவுக்குப் பணிகிறேன் என்று அவர் எழுதவில்லை. அமெரிக்காவின் படைபலத்துக்கு, எதிர்ப்புத் தெரிவித்துப் பணிகிறேன். அமெரிக்க அரசு விசாரித்து என்னைத் திரும்ப அமர்த்தும் வரைக்கும் என்று எழுதினார். பின்னாளில் வந்த எல்லா வழக்குக்கும் வாதத்துக்கும் இந்தச் சில வரிகளே பிடி. ஸ்டீவன்சும் ஒன்று எழுதினார், வாஷிங்டனுக்கு: ஹவாய்ப் பேரிக்காய் நன்றாகப் பழுத்துவிட்டது, அமெரிக்கா பறிக்க இதுவே பொன்னான நேரம் என்று.

அமெரிக்க அதிபரே இதை எதிர்த்தார் என்பது உண்மையா?

உண்மை. அடுத்து அதிபராக வந்த கிளீவ்லண்ட், இணைப்பு ஒப்பந்தத்தை செனட்டிலிருந்து திரும்பப் பெற்று, ஜேம்ஸ் புளவுன்ட் என்பவரை விசாரிக்க அனுப்பினார். அறிக்கை ஸ்டீவன்சுக்குப் பாதகமாக வந்தது. அரசியைத் திரும்ப அமர்த்துங்கள் என்று கிளீவ்லண்ட் கேட்டார். புதிய அரசின் தலைவர் சான்ஃபோர்ட் டோல், எங்கள் உள்நாட்டு விவகாரத்தில் அமெரிக்கா தலையிட உரிமையில்லை என்று பதில் எழுதினார்! அமெரிக்கப் படை இறங்கியிராவிட்டால் நாற்காலியே கிடைத்திருக்காத ஒருவர் எழுதிய பதில் அது. கிளீவ்லண்ட் காங்கிரசிடம் விஷயத்தை விட்டார். காங்கிரஸ் ஒன்றும் செய்யவில்லை. 1894 ஜூலை 4 அன்று ஹவாய்க் குடியரசு அறிவிக்கப்பட்டது. தேதியைப் பாருங்கள்.

அரசி என்ன ஆனார்?

1895 ஜனவரியில் அவருடைய ஆதரவாளர்கள் ஆயுதம் எடுத்துத் தோற்றார்கள். அரசியைக் கைது செய்து, அவருடைய அரண்மனையில், அவர் அமர்ந்து ஆண்ட மண்டபத்திலேயே ராணுவ விசாரணை நடத்தினார்கள். ஐந்தாண்டு கடுங்காவல், 5,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. நடைமுறையில் மாடியறை ஒன்றில் சுமார் எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். அங்கே அவரும் தோழிகளும் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை இன்றும் அந்த அறையிலேயே காட்சிக்கு இருக்கிறது. ஹவாய்க் கொடிகளும் அவர் ஆட்சியின் தேதிகளும் அதில் தைக்கப்பட்டிருக்கின்றன. ஹவாய் என்றதும் உலகம் முழுக்க ஒலிக்கும் 'அலோஹா ஓயே' பாட்டை இயற்றியவரும் இவர்தான். 1917இல் ஹொனலுலுவில் காலமானார்.

மக்கள் எதிர்க்கவே இல்லையா?

எதிர்த்தார்கள், முறையாகவே எதிர்த்தார்கள். 1897இல் இணைப்பு ஒப்பந்தம் மறுபடி செனட்டுக்கு வந்தபோது தீவு தீவாகப் போய் 21,000க்கும் மேற்பட்ட கையெழுத்து திரட்டினார்கள். மொத்தப் பூர்வகுடிகளே 40,000 பேர்தான் என்பதை நினைவில் வையுங்கள். நான்கு பேர் அதை வாஷிங்டனுக்கு எடுத்துப் போனார்கள். ஒப்பந்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. பிறகு 1898இல் ஸ்பெயினோடு போர் வந்தது. ஸ்பெயின் வசமிருந்த பிலிப்பைன்சுக்குப் போகும் வழியில் கப்பல்களுக்குத் தங்குமிடம் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்பதால், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற கூட்டுத் தீர்மான வழியில் ஜூலை 7 அன்று இணைத்துவிட்டார்கள். அரசருக்கும் அரசாங்கத்துக்கும் உரிய சுமார் 18 லட்சம் ஏக்கர் அமெரிக்கா வசம் போனது. அந்த மனு ஆவணக் காப்பகத்தில் தூங்கியது. 1990களில் ஓர் ஆராய்ச்சியாளர் கண்டெடுத்த பிறகு, தங்கள் பாட்டன் பாட்டி கையெழுத்தைக் குடும்பங்கள் அதில் தேடிப் பார்த்தன.

பேர்ல் ஹார்பர் தெரியும். அதற்குப் பிறகு ஹவாயில் என்ன நடந்தது?

1941 டிசம்பர் 7 தாக்குதலில் 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அதில் 1,177 பேர் 'அரிசோனா' என்ற ஒரே கப்பலில். அன்று மாலைக்குள் ராணுவச் சட்டம் வந்தது, 1944 அக்டோபர் வரை நீடித்தது. குடிமக்கள் வழக்கையும் ராணுவ நீதிமன்றமே விசாரித்தது. தீவை ஜப்பான் பிடித்துவிட்டால் அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்க வசதியாக, டாலர் நோட்டில் ஹவாய் என்று பெரிதாக அச்சடித்துப் புழக்கத்தில் விட்டார்கள்.

அமெரிக்கப் பெருநிலத்தில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். போர் நடந்த இடமான ஹவாயிலோ 2,000 பேருக்கும் குறைவு. கருணை என்று எண்ண வேண்டாம். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவர்கள். அடைத்தால் தோட்டமும் துறைமுகமும் நின்றுவிடும். ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளைகள் சேர்ந்த 442வது படைப்பிரிவு ஐரோப்பாவில் வாங்கிக் குவித்த பதக்கங்கள் புகழ்பெற்றவை. இத்தாலியில் வலது கையை இழந்த டேனியல் இனோவே, 1963 முதல் 2012இல் இறக்கும் வரை செனட்டராக இருந்தார்.

ஹிலோ சுனாமி பற்றிச் சொல்லுங்களேன்.

1946 ஏப்ரல் 1 காலை. அலாஸ்காவின் அலூசியத் தீவுகளுக்கு அருகே நிலநடுக்கம். சில மணி நேரத்தில் அலை ஹவாய்க்கு வந்துவிட்டது. கடல் வருகிறது என்று ஓடியவர்களைப் பார்த்து, முட்டாள்கள் தின விளையாட்டு என்று சிலர் நினைத்தார்கள். ஹவாயில் 159 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஹிலோ நகரில். லாவ்பாஹோயேஹோயே கிராமப் பள்ளியில் மட்டும் மாணவர்களும் ஆசிரியர்களுமாக 20க்கும் மேற்பட்டோர்.

இதன் விளைவாகத்தான் 1949இல் ஒவாஹுவில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. நமக்கும் இதில் ஒரு வலி உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கிய கால் மணி நேரத்தில் அந்த மையம் முதல் அறிக்கை வெளியிட்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான ஏற்பாடு. இந்தியப் பெருங்கடலில் அளவைக் கருவியும் இல்லை, நாகப்பட்டினத்துக்கோ முல்லைத்தீவுக்கோ தகவல் சொல்ல ஒரு வழியும் இல்லை.

மாநிலமாக ஏன் 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது?

நிறம்தான் பெரிய காரணம். வெள்ளையர் சிறுபான்மையாக இருக்கும் இடத்திலிருந்து செனட்டர்கள் வந்தால் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் சட்டங்களை ஆதரித்துவிடுவார்கள் என்று தென் மாநிலத்தவர் முட்டுக்கட்டை போட்டார்கள். தொழிற்சங்கத்தில் கம்யூனிஸ்டுகள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. 1959 ஜூனில் வாக்கெடுப்பு. 94 சதவீதம் ஆதரவு. ஆகஸ்ட் 21 அன்று மாநிலம். ஆனால் வாக்குச்சீட்டில் மாநிலமாகலாமா, வேண்டாமா என்பதே கேள்வி. தனி நாடு என்ற தேர்வு அதில் இல்லை. அதனால் இன்றும் மாநில தினம் விடுமுறையாகக் கழிகிறதே தவிர, பெரிய கொண்டாட்டம் இல்லை.

அமெரிக்கா மன்னிப்புக் கேட்டதா?

கேட்டது, நூறு ஆண்டு கழித்து. 1993 நவம்பர் 23 அன்று கிளிண்டன் கையெழுத்திட்ட தீர்மானம், அரசைக் கவிழ்த்ததில் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறது. நிலம் எதையும் அது திருப்பித் தரவில்லை.

ஹவாய் மொழி பிழைத்திருக்கிறதா?

மயிரிழையில். 1896இல் ஆங்கிலமே பள்ளி மொழி என்று சட்டம் வந்தது. வீட்டு மொழியைப் பள்ளியில் பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. 1978இல் அரசியல் சட்டத் திருத்தம் அதை ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாக்கியது. 1984இல் கவாயில் முழுக்க ஹவாய் மொழியிலேயே நடக்கும் முதல் மழலையர் பள்ளி தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் அந்த மொழி பேசும் சிறுவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை. இப்போது மழலையர் வகுப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை அதில் படிக்கலாம்.

மவுனா கேயா மலையில் தொலைநோக்கிக்கு ஏன் எதிர்ப்பு?

அது அவர்களுக்குப் புனித மலை. 1898இல் கை மாறிய அந்த 18 லட்சம் ஏக்கருக்குள் வரும் நிலம். வானியலுக்கு உலகின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று என்பதும் மெய். ஏற்கெனவே பல தொலைநோக்கிகள் உச்சியில் இருக்க, 30 மீட்டர் கண்ணாடி கொண்ட இன்னொன்று வந்தபோது 2015இலும் 2019இலும் சாலையை மறித்தார்கள். 2019இல் முதியவர்கள் 30க்கும் மேற்பட்டோர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதானார்கள். அந்தத் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி என்பதால், இது நமக்கு முற்றிலும் அயலார் சண்டை இல்லை.

கவாய் தீவில் சோழர் பாணிக் கோயில் இருக்கிறதாமே?

இருக்கிறது. கலிபோர்னியாவில் பிறந்த ஓர் அமெரிக்க இளைஞர் 1949இல் யாழ்ப்பாணத்தில் யோகசுவாமிகளிடம் தீட்சை பெற்று, சிவாய சுப்பிரமுனியசுவாமி ஆனார். 1970இல் கவாயில் மடம் அமைத்தார். அங்கே எழுந்த இறைவன் கோயிலுக்கு வரைவு தந்தவர் கணபதி ஸ்தபதி. கற்களைப் பெங்களூருக்கு அருகே 1990 முதல் சிற்பிகள் கையாலேயே செதுக்கி, கப்பலில் அனுப்பி, அங்கே பூட்டினார்கள். மூலவர் ஸ்படிக லிங்கம். 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது.

2023 லஹைனா தீக்கும் கரும்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மாவித் தீவிலுள்ள லஹைனா ஒரு காலத்தில் நாட்டின் தலைநகர். மீன் குளங்களும் சேப்பங்கிழங்கு வயல்களும் சூழ்ந்த ஈரமான ஊர். 1860இல் தொடங்கிய ஆலையும் தோட்டமும் ஓடைகளைக் கரும்புக்குத் திருப்பின. அரச குடும்பத்தின் பழைய குளத்தை 1914இல் மண் கொட்டி மூடினார்கள். 1999இல் ஆலை மூடப்பட்டது; 2016இல் மாவியின் கடைசி ஆலையும் மூடியதோடு ஹவாயில் பெருந்தோட்டக் கரும்பே முடிந்தது. உழாமல் விட்ட நிலத்தில் ஆப்பிரிக்கப் புற்கள் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து கிடந்தன. 2023 ஆகஸ்ட் 8 அன்று பலத்த காற்றில் பிடித்த தீ ஊரையே விழுங்கியது. 102 பேர் இறந்தார்கள், 2,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 1873இல் இந்தியாவிலிருந்து வந்த கன்றாக நட்ட ஆலமரம் கருகியும் பிறகு துளிர்த்தது.

இன்றும் தனி நாடு கேட்கிறார்களா?

சிலர் கேட்கிறார்கள். சிலர் செவ்விந்தியப் பழங்குடிகளுக்கு உள்ளது போன்ற தன்னாட்சி போதும் என்கிறார்கள். அதற்கான மசோதா காங்கிரசில் பல முறை வந்து நிறைவேறாமல் போனது. பலருக்கு வீட்டு வாடகைதான் உடனடிக் கவலை. 2020 கணக்கெடுப்புப்படி ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். விலைவாசி தாங்காமல் நெவாடாப் பாலைவனத்து லாஸ் வேகசுக்குக் குடிபோனவர்கள் அவ்வளவு பேர் இருப்பதால், அந்த ஊருக்கு ஹவாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒன்பதாவது தீவு'.